கணுவுக்குக் கணு காலூன்றும் கொடி

ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் படர்ந்திருக்கும் பொடுதலைக் கொடி ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு சாண் நீளம் சுலபமாக எழும்பி வரும். பிறகு எங்கோ பிடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் 'டப்' என்று ஒரு பிடிப்பு விடும். நான்கு விரற்கடை வரும், மறுபடி ஒரு 'டப்'. கொடி முழுதாகக் கைக்கு வருவதற்குள் பத்து இடத்திலாவது அது மண்ணை விட்டிருக்கும். புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கணுவின் அடியிலும் வெள்ளை நூல்போல வேர்க்கொத்து, அதில் ஒட்டிக்கொண்ட ஈரமண்.

இந்தக் கொடியை வீட்டுத் தோட்டத்தில் புல்தரைக்குப் பதிலாக வளர்ப்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நர்சரிகளில் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று சதுரம் சதுரமாக வெட்டி விற்கிறார்கள். அவற்றைக் கோடையில் பச்சையாக வைத்திருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அது இன்னும் பெரிய பாடு. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கடலோர மணலிலும் யாரும் கேட்காமலே பல ஆண்டுகள் பிழைத்திருக்கும் ஒரு செடி நம் காலடியில் கிடக்கும்போது, அதை மிதித்துக்கொண்டு போய்ப் புல் வாங்கி வருகிறோமே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

பொடுதலையின் அறிவியல் பெயர் ஃபைலா நோடிஃப்ளோரா. 1753-இல் லின்னேயஸ் இதை வெர்பினா நோடிஃப்ளோரா என்று பதிவுசெய்தார்; பிறகு லிப்பியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள்; 1899-இல் எட்வர்ட் கிரீன் இப்போதைய பெயரைச் சூட்டினார். பேரினம் மாறிக்கொண்டே இருந்தாலும் 'நோடிஃப்ளோரா' என்ற பின்பாதி மட்டும் மாறவில்லை. 'கணுவில் பூப்பது' என்று பொருள். செடியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சுட்டிவிடுகிறது.

பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. கணுவிலிருந்து ஒரு நீண்ட காம்பு நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு பூங்கொத்து. கொத்தின் அடியிலிருந்து பூக்கள் ஒரு வளையமாக விரியும். அந்த வளையம் உதிர்ந்ததும் அதற்கு மேல் அடுத்த வளையம். இப்படி நாளுக்கு நாள் மேலே ஏறிப்போவதால், முதலில் உருண்டையாக இருந்த கொத்து கடைசியில் சிறு திப்பிலிபோல நீண்டுவிடும். ஒவ்வொரு பூவும் வெள்ளை, தொண்டையில் மஞ்சள். வயதான பூக்களில் அந்த மஞ்சள் மறைந்து ஊதா ஏறும். இலையையும் தடவிப் பாருங்கள்: மேற்பாதியில் மட்டும் பல் இருக்கும், காம்புப் பக்கம் வழவழப்பான ஆப்பு வடிவம். இலைமேல் படுத்திருக்கும் நுண்மயிர்களை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில் மட்டும் இலையோடு ஒட்டி, இரண்டு முனையும் விடுபட்ட ஓடம்போல இருக்கும். இந்தப் பேரினத்தை அடையாளம் காணத் தாவரவியலாளர்கள் பார்க்கும் குறிகளில் இந்த மயிரும் ஒன்று.

இனி கணுவுக்கு வருவோம். பொடுதலையின் இலைகள் எதிரெதிராக இருப்பவை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை. ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு மொட்டு. அந்த மொட்டு கிளையாகலாம், பூக்காம்பாகலாம், ஒன்றும் ஆகாமல் தூங்கவும் செய்யலாம். தண்டின் அடிப்பக்கம் ஈரமண்ணைத் தொட்டால் அங்கிருந்து வேர் புறப்படும். ஆக, வேர், தண்டு, இலை, மொட்டு என்று ஒரு முழுச் செடிக்கு வேண்டிய எல்லாம் ஒரு கணுவுக்குள் அடங்கியிருக்கிறது. கொடி என்று நாம் பார்ப்பது, கயிற்றில் கோத்த செடிகளின் வரிசை.

அந்த மொட்டுகளைத் தூங்க வைப்பது கொடியின் நுனி. நுனிக்கொழுந்தில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே பின்னோக்கி இறங்குகிறது. அது இறங்கும்வரை பக்க மொட்டுகள் பெரும்பாலும் அடங்கியே கிடக்கின்றன. நுனியைக் கிள்ளிவிட்டால் வரத்து நின்றுபோகும், பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். மல்லிகையைக் கவாத்து செய்கிறவர்களும், கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் என்று சொல்லும் பாட்டிமார்களும் இதைப் பெயர் தெரியாமலே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதே ஆக்சின்தான் கணுவில் வேர்விடவும் தூண்டுகிறது.

படரும் செடிகள் எல்லாமே ஒரே மாதிரி நடப்பதில்லை. 1981-இல் லெஸ்லி லவெட் டவுஸ்ட் என்ற சூழலியலாளர் ரனன்குலஸ் ரெபன்ஸ் என்ற படர்கொடியை ஆராய்ந்து எழுதியபோது இரண்டு போர்முறைகளின் பெயரைக் கையாண்டார். ஒன்று ஃபாலன்க்ஸ்: பண்டைக் கிரேக்கப் படைவீரர்கள் தோளோடு தோள் ஒட்டி, கேடயத்தோடு கேடயம் சேர்த்து அடியடியாக முன்னேறும் அணிவகுப்பு. மற்றது கெரில்லா: அங்கங்கே சிதறி, இடைவெளி கிடைத்த இடத்தில் நுழைவது. கணுவிடைத் தூரம் குறுகியிருந்தால் முதல்வகை, நீண்டிருந்தால் இரண்டாம்வகை. ஒரே செடி இடத்துக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகரவும் செய்யும். எங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே பார்க்கிறேன்: முழு வெயில் விழும் இடத்தில் பொடுதலை பாய் விரித்ததுபோல நெருங்கிக் கிடக்கிறது, மாமரத்தின் அடியில் போன கொடிகள் இலை குறைந்து, கணுவிடை நீண்டு, வெயிலைத் தேடி ஓடுகின்றன.

இந்தத் 'தேடல்' வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம். 1987-இல் இங்கிலாந்தில் ஸ்லேட், ஹட்சிங்ஸ் என்ற இருவர் கிளெக்கோமா என்ற தரைப்படர் கொடியை வைத்துச் சோதனைகள் செய்தார்கள். சத்து மிகுந்த மண்ணில் கணுவிடை குறுகிக் கிளைகள் பெருகின. சத்தற்ற மண்ணில் கொடி நீண்டு, கிளைக்காமல் கடந்து சென்றது. மேயும் மாடு புல் நிறைந்த இடத்தில் நின்று தின்று, வறண்ட இடத்தை வேகமாகத் தாண்டுவதைப் போல. எல்லாக் கொடிகளிலும் இது இதே அளவில் நடப்பதில்லை. ஆனால் செடி ஓரிடத்தில் நின்று கிடைத்ததை ஏற்றுக்கொள்ளும் உயிர் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு நன்றாகவே அசைத்துவிட்டது.

கோத்த செடிகளுக்குள் கொடுக்கல் வாங்கலும் உண்டு. காய்ந்த மேட்டில் கிடக்கும் இளங்கணுவுக்கு ஈரப்பள்ளத்தில் வேரூன்றிய மூத்த கணு தண்டு வழியே தண்ணீர் அனுப்பும். வெயிலில் இருக்கும் இலை தயாரித்த சர்க்கரை நிழலில் தவிக்கும் பகுதிக்குப் போகும். தோட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் பாய்ந்தாலும் பக்கத்துக் காய்ந்த தரையில் கொடி வாடாமல் சிலநாள் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் வெட்டிவிட்டால் உறவு அறுந்துபோகும். அதற்குள் சொந்தமாக வேர் ஊன்றிய கணு பிழைத்துக்கொள்ளும், ஊன்றாதது வாடும். பதியன் போடுகிறவர்கள் வேர்விட்டதா என்று பார்த்த பிறகே தாய்ச்செடியிலிருந்து அறுப்பதன் நியாயம் இதுதான்.

தரைமூடும் செடி மண்ணுக்கு என்ன செய்கிறது? மழை பெய்து ஓய்ந்ததும் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு மண் தெறித்துக் கறை படிந்திருக்கும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மணிக்கு 32 கிலோமீட்டர். அந்த மோதலில் மண் கட்டிகள் சிதறுகின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. மழை நின்று வெயில் அடித்ததும் மேலே ஓர் ஓடு இறுகிவிடும். அடுத்த மழை அந்த ஓட்டின்மேல் வழிந்து தெருவுக்கு ஓடும், உள்ளே இறங்காது. வெறுந்தரையை வைத்துக்கொண்டு மழைநீர் சேமிப்புத் தொட்டி கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொடி மூடிய தரையில் துளியின் வேகத்தை இலை வாங்கிக்கொள்கிறது; நீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கணுவேர்கள் நுழைந்த மண்ணில் அது போக வழியும் இருக்கிறது. பொடுதலை படர்ந்த பக்கத்தில் எங்கள் சுவரில் அந்தச் செம்மண் கறை இப்போது இல்லை.

சூட்டைப் பற்றியும் ஒரு கணக்கு. இலைகள் வழியே 1 லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. மின்சாரத்தில் சொன்னால் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவு வெப்பமும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் தரையிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. சிமென்ட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் வீட்டுக்குத் திருப்பித் தரும். பச்சைத்தரை அதைப் பகலிலேயே நீராவியாக அனுப்பிவிடும். சித்திரை மாதத்து நண்பகலில் செருப்பில்லாமல் ஓர் அடி வெறுந்தரையிலும் ஓர் அடி பொடுதலையிலும் வைத்தால் வெப்பமானி தேவைப்படாது.

களைகளை அது அடக்குவதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இடமும் சத்தும் பிடித்துக்கொள்வது ஒருபுறம். ஒளியின் நிறத்தை மாற்றுவது மறுபுறம். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லெட்யூஸ் விதைகளை வைத்து நடந்த சோதனையில், சிவப்பொளி பட்டால் விதை முளைக்கிறது, சிவப்புக்கு அப்பாலுள்ள தொலைசிவப்பொளி பட்டால் அந்த உத்தரவு ரத்தாகிறது என்று கண்டார்கள். எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியில் பட்ட ஒளியே செல்லுபடியாயிற்று. விதைக்குள் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி செய்யும் வேலை இது. பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே இலைப்பரப்புக்கு அடியில் கிடக்கும் சிறுவிதைக்குக் கிடைக்கும் செய்தி, 'மேலே ஆள் இருக்கிறது, பொறு' என்பது. பல களைவிதைகள் அப்படியே பொறுத்துக் கிடக்கின்றன. நாம் மண்ணைக் கொத்திக் கிளறும்போதுதான் அவை சிவப்பொளியைக் கண்டு துள்ளி எழுகின்றன.

ஆனால் கோரைக்கு இந்த மாயம் பலிக்காது. கோரை விதையை நம்பி வாழ்வதில்லை; மண்ணுக்கடியில் கிழங்கு வைத்திருக்கிறது. பொடுதலை நடுமுன் கோரையை ஒழிக்காவிட்டால் பின்னால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முறை அவசரப்பட்டு நட்டேன்; மூன்று மாதத்தில் பாய்போல வந்த பொடுதலைக்குள் கோரை ஈட்டிபோலக் குத்திக்கொண்டு நின்றது; மொத்தத்தையும் தோண்டி எறிந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை தரையை நனைத்து, முளைத்த கோரையைக் கிழங்கோடு தோண்டி, இரண்டு வாரம் விட்டு மறுபடி நனைத்து, மறுபடி தோண்டி, நான்கு சுற்று முடித்த பிறகே நட்டேன்.

நடுவது எளிது. ஐப்பசி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பிப்பது நல்லது. தண்ணீர்ச் செலவு மிச்சம். நான்கு கணு உள்ள துண்டாக வெட்டி, அடியில் இரண்டு கணு மண்ணுக்குள்ளும் மேலே இரண்டு கணு வெளியிலும் இருக்கும்படி சாய்த்து நட்டு, விரலால் அழுத்திவிட வேண்டும். செங்குத்தாக நட்டால் ஒரு கணுதான் மண்ணைத் தொடும். ஓர் அடிக்கு ஒன்றாக வைத்தால் பத்துக்குப் பத்தடித் தரைக்கு ஏறக்குறைய 100 துண்டு. முதல் இரண்டு வாரம் தினமும் ஈரம் வேண்டும். புதிய துளிர் வந்துவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். நீளமாக ஓடுவதை விட்டுப் பக்கத்தில் அடர்ந்து வரும். முதல் மாதம் கைக்களை எடுப்பதில் சோம்பக் கூடாது, தரை மூடும்வரை களைக்கும் அதே வெளிச்சம் கிடைக்கிறது அல்லவா. முழு நிழலில் இதை வைக்காதீர்கள், மெலிந்து ஓடிவிடும். பிள்ளைகள் நடக்கலாம், உட்காரலாம். தினமும் கிரிக்கெட் ஆடினால் தாங்காது. பூக்கும் காலத்தில் தேனீக்கள் வரும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நடைபாதைப் பக்கம் மட்டும் பூவை வெட்டிவிடலாம்.

தலைப்பொடுகுக்குப் பொடுதலையை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பதும், இலையைத் துவையல் அரைப்பதும் நம் வீடுகளில் பழக்கம். தெரு வாய்க்கால் ஓரத்தில் பறித்ததை மட்டும் அடுப்படிக்குக் கொண்டு வராதீர்கள். சாக்கடை நீரில் வளர்ந்த செடியில் என்னென்ன ஏறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சொந்தத் தோட்டத்தில் வளர்த்தால் அந்தக் கவலை இல்லை.

நாம் கண்டுகொள்ளாத இந்தச் செடியை வேறு நாடுகள் தேடிப் பிடித்திருக்கின்றன. ஜப்பானில் உத்சுனோமியா பல்கலைக்கழகத்தின் குராமோச்சி இதிலிருந்து விதை கட்டாத ஒரு ரகத்தை உருவாக்கினார். அது குராபியா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கலிபோர்னியா கடும் வறட்சியில் தவித்தபோது, 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். 5 கோடி சதுர அடிப் புல்தரையை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைக்கவும் அதே ஆணை சொன்னது. புல்லுக்கு மாற்று தேடிய அந்த நாட்களில் குராபியாவும் அங்கே பரிசோதனைத் திடல்களிலும் வீட்டு முற்றங்களிலும் இடம் பிடித்தது.

இத்தனை புகழ்ந்த பிறகு இதன் உறவுக்கொடி ஒன்று செய்ததையும் சொல்லியாக வேண்டும். ஃபைலா கேனசென்ஸ் என்பது தென்னமெரிக்கக் கொடி, பார்வைக்குப் பொடுதலையேதான். தோட்டத்துக்குத் தரைமூடி வேண்டும் என்றுதான் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே லிப்பியா என்று அழைக்கப்படும் அது தோட்ட வேலியைத் தாண்டி, மரே–டார்லிங் ஆற்றுப்படுகையின் வெள்ளச் சமவெளிகளில் இறங்கிவிட்டது. வெள்ளம் கொடியைத் துண்டு துண்டாக அறுத்துக் கொண்டுபோய் ஒதுக்கிய இடத்திலெல்லாம் கணு வேரூன்றியது. மேய்ச்சல் புல் அழிந்தது. லட்சக்கணக்கான ஹெக்டேர் நிலம் அதன் கையில். அதன் ஆழமான ஆணிவேர் மண்ணை உலர்த்துவதால் ஆற்றங்கரைகள் சரிவதாகவும் அங்குள்ளவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மண்ணைப் பிடிக்கும் என்று வைத்த கொடி கரையைச் சரிக்கிறது. செடியின் திறமை அதேதான். அதைத் தின்னும் பூச்சியும் அடக்கும் நோயும் தென்னமெரிக்காவிலேயே நின்றுவிட்டன.

ஆஸ்திரேலியாவுக்குப் போய்த்தான் இதைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. நர்சரிகளில் வெடேலியா என்று தருகிறார்களே, சின்னச் சூரியகாந்திபோல மஞ்சள் பூவும் பளபளக்கும் மூன்று மடல் இலையுமாகச் சாலை நடுத்தடுப்புகளில் வைத்திருப்பது, அதன் பெயர் ஸ்பேக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் அதுவும் ஒன்று. கணுவில் வேர்விடும் அதே கலை. நிழலும் தாங்கும், ஈரமும் தாங்கும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி அதற்குத் தங்கைமுறை, ஒரே பேரினம். தென்சீனத்தில் இவை இரண்டும் இயற்கையிலேயே கலந்து கலப்பினம் உண்டாகியிருக்கிறது. வள்ளலார் போற்றிய கீரையின் வம்சம் வெளியிலிருந்து வந்த கொடியில் கரைந்துபோகக் கூடும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. குளக்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வெடேலியாவை வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், பிடுங்கியதைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறியாமல், தகரத்தின்மேல் பரப்பி நொறுங்கும்வரை காயவைத்த பிறகே அகற்றுங்கள். ஒரு பச்சைக் கணு தப்பினாலும் அது ஒரு செடி.

பொடுதலைக்கு இங்கே தின்னும் வாய்கள் உண்டு. மயில் வசீகரன் என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடுகிறது: ஆரஞ்சு நிறச் சிறகில் மயில்தோகைக் கண்போலப் பெரிய புள்ளிகள் கொண்டது. மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்குச் சிறகின் அடிப்பக்கத்திலும் கண்கள் தெரியும். கோடையில் பிறப்பவை சிறகை மூடினால் காய்ந்த சருகு, காம்பு உட்பட. முள்முள்ளாக இருக்கும் அதன் கம்பளிப்புழுக்கள் இலையைச் சுரண்டித் தின்பதைப் பார்த்துப் பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள். நான் தரையை ஒரே நாளில் முழுதாக வெட்டுவதில்லை. பாதியை இந்த மாதம், மீதியை அடுத்த மாதம். வெட்டாத பாதியில் புழுக்கள் கூட்டுப்புழுவாக நேரம் கிடைக்கிறது.

நம் ஊர்க் கொடியாக இருந்தாலும் எல்லை வேண்டும். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, முக்கால்பாகம் மண்ணுக்குள் புதைத்துச் சுற்றிலும் வரிசை கட்டியிருக்கிறேன். சிமென்ட் நடைபாதையின்மேல் கொடி நீளும், ஆனால் வேரூன்ற முடியாது. அக்கரை போய்ச் சேர்வதற்குள் வாரம் ஒருமுறை கத்தரித்துவிட்டால் போதும்.

சென்ற ஐப்பசியில் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "இந்தப் பச்சைப்பாயில கொஞ்சம் எனக்கும் தாயேன், வாசல்ல வைக்கிறேன்" என்றார். ஒரு முழக் கொடியை அறுத்துக் கணுவை எண்ணினேன். பதினாறு இருந்தது.

"நாலு செடி வரும்க்கா. மொதல்ல கோரையப் புடுங்கிடுங்க" என்று கொடுத்தேன்.